அண்ணி பார்த்த மட்டை

கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார் அண்ணி. விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒரு இறகுப்பந்து மட்டையை அதில் வைத்தார். மணிக்கட்டை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தது" என்றார் அண்ணி. அதையும் ஆட்டினார்.

"எது ஒசத்தி, எது மலிவுன்னு வாயைத் திறந்துடாதீங்க. விலை காதுல விழுந்துட்டா கை பொய் சொல்லும்."

எதை வாங்கினாலும் அண்ணி இப்படித்தான். பெண்களுக்கு முடி வெட்டுவது அவர் தொழில். இரண்டு நாற்காலியும் ஒரு நீளக் கண்ணாடியும் போட்ட சின்னக் கடை. கத்தரிக்கோலையும் கண்ணை மூடித்தான் வாங்குவார். நாற்காலியில் உட்கார்ந்து யாராவது தலையைத் திருப்பினால், "ஆடாதீங்க. காது உங்களுது, கத்தரி என்னுது" என்பார். அதற்குப் பிறகு மூச்சு கூட மெதுவாகத்தான் வரும். படத்தைக் காட்டி அதே மாதிரி வெட்டச் சொன்னால், "உங்க நெத்திக்கு இது எடுக்காது" என்று சொல்லிவிட்டு, எடுக்கிற மாதிரி வெட்டி அனுப்புவார். சொன்னபடி கேட்கவில்லையே என்று சண்டைக்கு வந்தவர்கள் யாரும் இல்லை.

கூட நின்றிருந்தவள் நாத்தனார், கணவரின் தங்கை. அவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே தெருவில் பெரியவர்களுக்கும் இவர் அண்ணியாகிவிட்டார். அவள் நல்ல உயரம், இடதுகைக்காரி. சாயங்காலமானால் இருவரும் மன்றத்துக்குப் போய் ஜோடியாக இறகுப்பந்து ஆடுவார்கள். பின்னால் நின்று ஓங்கி அடிப்பது அவள். முன்னால் நிற்பது இவர். "வலைகிட்ட நான் நின்னா ஈ கூடத் தாண்டாது" என்பார். பொய்யில்லை, தாண்டுவதில்லை.

போன வாரம் ஒரு பந்து இருவருக்கும் நடுவில் மேலே போயிற்று. ஒருத்தி வலது கை, ஒருத்தி இடது கை. இருவருக்கும் அது வாகான பந்து. "எனக்கு" என்று ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. மட்டையும் மட்டையும் மோதி, அண்ணியின் மட்டை கழுத்தோடு முறிந்தது. முறிந்தால் முறிந்துவிட்டுப் போகிறது. அண்ணியின் வாய் சும்மா இருக்கவில்லை. "கண்ணை எங்க வச்சிருக்க? பனைமரம் மாதிரி வளந்தா மட்டும் போதுமா?" என்று மன்றமே பார்க்கக் கேட்டுவிட்டார்.

வீடு வரும்வரை நாத்தனார் பத்தடி முன்னாலேயே நடந்தாள். மறுநாள் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அடுத்த போட்டிக்கு அவ வேற ஜோடி பாக்கறாளாம்" என்றார். "தாராளமா பாக்கட்டும்" என்றார் அண்ணி. அன்றைக்கு ஒரு பெண்ணின் முன்முடி ஒரு விரல் குட்டையாகிப் போனது. அண்ணியின் கை அப்படித் தவறியதே இல்லை.

இன்றைக்கு நாத்தனாரே அண்ணியின் முடிவெட்டும் கடைவாசலில் வந்து நின்றாள். "வாங்க அண்ணி, பேட் வாங்கித் தரேன். உடைச்சது நான்தானே." அவ்வளவுதான் பேச்சு. ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு அண்ணி உடனே கிளம்பினார்.

"முதல்ல குடுத்ததுதான்" என்று இப்போது கண்ணைத் திறந்தார். இருந்ததிலேயே மலிவான மட்டை அது.

நாத்தனாரின் முகம் சுருங்கியது. "என் காசுல நல்லதா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா? இன்னும் அவ்ளோ கோவமா?"

"கோவமும் இல்ல, குழம்பும் இல்ல. ஒசத்தியோட தண்டைப் பாரு, வளைவேனாங்குது. உன்னை மாதிரி ஓங்கிப் போடறவளுக்கு அது சரி. நான் தட்டி விடறவ. காலையிலேருந்து கத்தரி பிடிச்ச கை இது. கடவுள் குடுத்தது ஒரு வலது கைதான். அதை அந்த விறைச்ச தண்டுல புண்ணாக்கிக்கிட்டா நாளைக்கு எவ காது போகுமோ!"

நாத்தனாருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் கடைக்காரர், "விலை கூடினது ரொம்ப வருஷம் உழைக்கும்மா" என்றார்.

"இவ பக்கத்துல நின்னா எதுவும் உழைக்காது" என்றார் அண்ணி.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். வரவிருந்த சிரிப்பு அப்படியே திரும்பிப் போயிற்று. நாத்தனார் நகர்ந்து போய், வேண்டாத காலணிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். என் வாய்க்கு ஒரு பூட்டு போடு சாமி என்று அண்ணி மனசுக்குள் கேட்டுக்கொண்டார்.

"நரம்பு மட்டும் இருக்கறதுலயே நல்லதா கட்டுங்க" என்றார், அங்கே கேட்கும்படி சத்தமாக. "அடி அதுலதான இருக்கு. என் நாத்தனார் வாங்கித் தரா, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்."

கடைக்காரர் மட்டையை இயந்திரத்தில் மாட்டி நரம்பை இழுத்து இழுத்துக் கட்டினார். கட்டி முடித்து மேசைமேல் வைத்ததும், நாத்தனார் வந்து, கைப்பிடியில் சுற்றுகிற நாடாச் சுருள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அண்ணி தன் மட்டைக்குப் பிடி சுற்ற இதுவரை யாரையும் விட்டதில்லை. மட்டையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் குனிந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, அடியிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். தன் கைப்பழக்கத்தில் இடதுகைக்காரிக்குச் சுற்றுகிற திசையிலேயே சுற்றினாள். அண்ணி வலது கையால் பிடித்து ஆடினால் நாடா ஒவ்வொரு அடிக்கும் மடங்கி எழும்பும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நாத்தனார் நாடாவை இறுக்கி இழுக்க இழுக்க மட்டை ஆடியது. அண்ணி குனிந்து, மட்டையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.