கமலம் அக்காவின் பெயர் இரண்டு முறை

எங்கள் ஜெப வீட்டுக்கு அனுமதி தரக்கூடாது என்று மகாராஜாவின் சர்க்காருக்கு ஒரு மனு போனது. எழுதியவர்கள் இந்துக்கள் அல்ல, அய்யாவழிக்காரர் அல்ல. கிறிஸ்தவர்களே. எனக்குத் தாங்கவில்லை.

நான் தக்கலையில் கம்பவுண்டர். மருந்துக் குப்பிக்குச் சீட்டு ஒட்டுவதுபோல எதையும் எழுதி வைப்பேன். ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததால் அந்த மனுவை எழுதிய பெரிய சபை எங்களை விலக்கியது. ஓலைக்கூரை ஒன்றில் கூடினோம். அது ஆராதனை இடமாக நிலைக்க சர்க்கார் உத்தரவு வேண்டும். விண்ணப்பித்துவிட்டு, ஜெபத்துக்காக எங்கள் பெயர்களை வரிசையாக எழுதினேன். அவசரத்தில் கமலம் அக்காவை நாலாவதாகவும் ஒன்பதாவதாகவும் எழுதிவிட்டேன். ஆக, பதின்மூன்று பெயர். ஒரு பிரதி எனக்கு. இன்னொன்று என் கூடப்பிறந்த தாவீது அண்ணனுக்கு. கடைசிப் பெயர் அவருடையது.

ஆடி மாதம் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். மனுவிலிருந்த 'கலகக்காரர்' பெயர்களை வாசித்தார். நாலாவது, கமலம். ஒன்பதாவது, கமலம்.

பக்கத்துக் கடைக்கார செல்லையா அண்ணன், "ஏமானே, கமலத்துக்கு ரெண்டு உடம்பா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிழை இருந்தது என் இரண்டு பிரதிகளில் மட்டும்தான். பன்னிரண்டோடு வாசிப்பு நின்றது. அண்ணன் பெயர் மட்டும் இல்லை.

பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்தது. பிரான்சு தேசத்தில் ஒரு ராஜா, பிரிந்த சபையாரும் தொழலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் பேரன் அதை ரத்து செய்தான். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். எங்களுக்கோ உத்தரவே இன்னும் வரவில்லை.

நின்ற இடத்திலேயே ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்தக் கூரையைக் காப்பாற்றும். என் மனசை அப்புறம் பாரும்."

எங்கள் பாட்டுச் சத்தம் தொந்தரவா என்று தாசில்தார் செல்லையா அண்ணனைக் கேட்டார். அவர் அய்யாவழி; அவர்கள் தொழும் இடத்துக்குப் பதி என்றும், ஓதும் ஜெபத்துக்கு உகப்படிப்பு என்றும் பெயர்.

"எங்க பதியிலயும் உகப்படிப்பு சத்தமாத்தான் படிக்கோம். அவிய ஒண்ணும் சொன்னதில்ல. அவிய பாடுனா நாங்க எதுக்குச் சொல்லணும்?"

தாசில்தார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஐப்பசியில் உத்தரவு வந்தது. கமலம் அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

அண்ணனிடம் கேட்டேன். பட்டியலைக் கொடுத்தால் பெரிய சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை தருவதாகச் சொன்னார்களாம். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன், மக்கா" என்றார்.

கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். கூரை நிற்கிறது. அப்புறம் பாரும் என்று நான் ஒத்தி வைத்ததை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் பட்டியல் எழுதினால் வேலை முடிந்தது என்றிருந்தேன். இப்போது ஒவ்வொரு பெயரிலும் நின்று ஜெபிக்கிறேன்.

என் பிரதியில் இரண்டாவது கமலத்தை அடித்தேன். பதின்மூன்றாம் பெயரையும் அடிக்கப் பேனாவை மையில் தொட்டேன். அடிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று உங்கள் முன் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் தினமும் கடைசியில் அந்தப் பெயரைச் சொல்கிறேன். உங்களிடமும் அப்படி ஒரு பெயர் இருந்தால் அடிக்காமல் வையுங்கள். மீதியை அவரிடம் விடுங்கள்.