முப்பது நாள் மொக்கச்சாமி

போடியில் தேவாரம் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடி மாற்றுவேன், பேட்டரி மாற்றுவேன். எவனோ எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்து ஆப் செய்வான், அது மக்கர் பண்ணினால் ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குவது ஜக்கையனாகிய நான். அது பழகிப்போயிற்று. ஆனால் சுருளியம்மாள் அக்கா விஷயத்தில் என் வாயாலேயே நான் கெட்டேன்.

அக்கா சிலமலைக்காரர். இருபத்தெட்டு வருடமாக விடியக்காலை ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்குகிறவர். ஈரச் செடிக்குள் நாள் முழுக்கக் குனிந்தே கிடக்கிற சோலி. அவர் கணவர் மொக்கச்சாமி அதே தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். மலையடிவாரத்து முந்தல் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அதற்கு ஆறு மாதம் முன்பு டிவிக்காரர்கள் சிலர் தோட்டத்துக்கு வந்து, மொக்கச்சாமியையும் பேச வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். ஒளிபரப்பான நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் மலையில், பார்க்கவில்லை. இப்போது அந்த டிவிக்காரர்கள் புதிதாக ஒரு ஆப் விட்டிருக்கிறார்கள், பழைய நிகழ்ச்சியெல்லாம் அதில் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, அக்கா என் கடைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, மேல டவர் கெடையாது. நெட்டு இல்லாமப் பாக்குற மாதிரி போட்டுக் குடுப்பா."

அந்த ஆப் இருக்கிறதே, அது என் பொறுமையைச் சோதிக்கவே பிறந்தது. நம்பர் கேட்டது. ஓடிபி கேட்டது. பிறந்த தேதி கேட்டது. அக்காவுக்கே தெரியாது, நானாக ஒன்றைப் போட்டேன். கடைசியில் 'இறக்கு' என்ற பொத்தான் வந்தது. அமுக்கினால் தொண்ணூற்றொன்பதில் போய் நின்றுகொண்டது. மூன்று தடவை முதலில் இருந்து தொடங்கி, ஒருவழியாக 'இறக்கப்பட்டது' என்று வந்தது.

ஓட்டிக் காட்டினேன். ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு மொக்கச்சாமி அண்ணன் கூச்சத்தோடு சிரிக்கிறார். "காயி பதமாப் பாத்து எடுக்கணும்ங்க. பிஞ்சு விழாம எடுக்குறதுன்னா எங்க சுருளியம்மாதான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "கட்டுன நாள்ல இருந்து என்னையப் பேர் சொன்னதே இல்ல தம்பி. 'இந்தா'ம்பாரு, 'ஏ புள்ள'ம்பாரு. இதுல ஒரு தடவ சொல்லிருக்காரு பாரு!"

"எறக்கியாச்சுக்கா" என்றேன்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். மலையில் இருந்து வந்த மூட்டையைக் குடோனில் இறக்கிவிட்டால் இறக்கியதுதான். யாரும் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப மலைக்கு ஏற்றிக்கொண்டு போவதில்லை.

"அப்ப இனி நம்மளுதுதான?"

"நம்மளுதேதான்."

தினமும் சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பாராம். கூட வேலை பார்க்கிற பொம்பளைகள், "என்ன, வீட்டுக்காரரு கூப்புட்டாச்சா?" என்று கேலி பண்ணுவார்களாம்.

ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்தார். போனை மேஜையில் வைத்தார். படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். 'காலாவதியானது.'

"நான் ஒண்ணும் அமுக்கல தம்பி. சேலை முந்தியில சுத்தித்தான் வச்சிருந்தேன்."

திரும்ப இறக்கலாம் என்று தேடினால் பட்டியலிலேயே நிகழ்ச்சி இல்லை, எடுத்துவிட்டார்கள். எறும்பு சைஸ் எழுத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டிருந்தான் பாவி: இறக்கியது முப்பது நாளுக்கு மட்டும். அப்புறம் எதற்கடா அதற்கு இறக்கு என்று பேர் வைத்தாய்?

டிவிக்காரர்களுக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று பதிவு பண்ணின குரல் இருபது நிமிடம் சொல்லிவிட்டுத் துண்டித்தது. மெயில் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. என்ன கருத்துடா சொன்னேன் நான்! என் போனை எதிரே பிடித்து அன்றைக்கே ஒரு வீடியோ எடுத்திருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. தோன்றவில்லையே. இறக்கியாச்சு என்று நானும்தானே நம்பினேன்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியலக்கா" என்றேன்.

"நீ என்னப்பா பண்ணுவ. அவரு பேசுனது பூராம் எனக்கு மனப்பாடம்தான்" என்றார் அக்கா. சொல்லியும் காட்டினார். "காயி பதமாப் பாத்து எடுக்கணும்ங்க. பிஞ்சு விழாம எடுக்குறதுன்னா எங்க..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

"நான் சொன்னா என் கொரல்லதான தம்பி வருது."