பொரி பாக்கெட்டும் காப்புரிமையும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் உறை செய்யும் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. மெல்லிய பிலிம்களை அடுக்கடுக்காக ஒட்டி உறையாக்குவோம். அலுமினியத் தாள் இல்லாமலே ஈரத்தைத் தடுக்கிற ஒரு புது உறையை முதலாளி கொண்டுவந்தார். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் ஒரு பிஸ்கட் கம்பெனி எங்களிடம் மட்டும் வாங்கும். கிடைக்காவிட்டால் மதிய ஷிப்டு ஓடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். என் தங்கை வேப்பம்பட்டிலிருந்து அந்த ஷிப்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

பின்தெருவில் இதே தொழில் செய்பவர் ஆட்சேபித்தார். விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. சாம்பிள் எடுத்துக்கொடுக்க நானும் மெஷின் ஓட்டும் ஒரு அண்ணனும் முதலாளி அறையில் நின்றோம். முதலில் ஏதோ வெளிநாட்டுப் பழைய காப்புரிமையைக் காட்டினார்கள். அதில் அடுக்குகளின் வரிசையே வேறு என்று எங்கள் வக்கீல் சமாளித்தார். முதலாளி முகம் தெளிந்தது.

அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினார். எங்கள் ஆயுத பூஜைப் பொரி.

பூஜை முடிந்ததும் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பொரிகடலை கொடுப்பது எஸ்டேட் வழக்கம். புது உறை வந்த வருடம் பெருமைக்காகப் புது உறையிலேயே போட்டு, 'எங்கள் புதிய தயாரிப்பு' என்று அச்சடித்து, பின்தெருக்காரருக்கும் முதலாளியே கொண்டுபோய்க் கொடுத்தார். விண்ணப்பித்தது பொங்கல் கழித்துத்தான். இன்னொரு பாக்கெட்டின் உறையை வெட்டிச் சோதித்தார்களாம், அதே அடுக்குகள்.

அண்ணன் என் காதருகே, "பொரி இன்னும் மொறுமொறுன்னு கீதும்மா. நம்ம சரக்கு நல்லாத்தான் வேல செய்து" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரை அணைந்ததும் எங்கள் வக்கீல் போனில் வந்தார். "விண்ணப்பத்துக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் குடுத்துட்டா அது புதுசுன்னு எடுத்துக்க மாட்டாங்க சார். நம்பிக்கை வைக்காதீங்க."

முதலாளி எங்களைப் பார்த்தார். "சாமிக்குப் படைச்சது. துன்றதுக்குக் குடுத்தா, எவனாவது எடுத்து வெச்சுகினு இருப்பானா?"

நாங்கள் சாம்பிள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

வெயில் காலத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுநாள் மதிய ஷிப்டை நிறுத்தினார்கள். தங்கை கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போனாள்.