காபி ஃபில்டரில் எரிந்த கார் விளக்கு

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பிரிகிற சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு கடை இருக்கிறது. முனீஸ்வரியின் கடை. டிராக்டர், ஆட்டோ, எஸ்டேட் ஜீப் என்று எந்த வண்டி வந்தாலும் அவள் முன்விளக்கை மட்டும்தான் தொடுவாள். ஹாரன் கேட்கவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "நான் கண்ணு டாக்டரு. தொண்டைக்கு வேற ஆளப் பாரு" என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் டைனமோவுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற கடையில் வேலை பார்த்தவள். அங்கே பிடித்த விளக்குப் பைத்தியம் புருஷன் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. எதிரே வருகிறவன் கண்ணைக் கூசவைக்கிற விளக்கு அவளுக்கு ஆகவே ஆகாது. வெள்ளை விளக்கை வானத்தைப் பார்க்க மாட்டிக்கொண்டு ஒருத்தன் வந்தால், நடு ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்துவாள். "ஏலே, நீ கம்பத்துக்குப் போறியா, நிலாவுக்குப் போறியா?" என்பாள். அவன் பதில் சொல்வதற்குள் ஸ்க்ரூவைத் திருகி வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கியிருப்பாள். அதற்குக் கூலிகூட வாங்க மாட்டாள்.

அவளிடம் சுத்தமாக இல்லாதது பொறுமை. சாலிடர் ஆறுமுன் தொட்டுச் சுட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. குக்கர் அடங்குமுன் மூடியைத் திறக்கப் பார்த்து, சமையலறை உத்தரத்தில் பருப்பு அப்பிய கதையைத் தெருவே சொல்லிச் சிரிக்கும்.

புருஷன் சங்கரலிங்கம் அதற்கு நேர் எதிர். கடையை ஒட்டினாற்போல வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். தார்களை அறையில் அடுக்கி, மூலையில் புகை மூட்டம் போட்டு, கதவை இறுக்கச் சாத்திவிட்டுக் காத்துக் கிடப்பார். அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் கார்பைட் கல் என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். காய்க்கு நடுவே அந்தக் கல்லைப் பொட்டலம் கட்டி வைத்தால் தோல் சீக்கிரம் மஞ்சளாகிவிடும், உள்ளே காய் காயாகவே இருக்கும். தின்கிறவன் வயிறு என்ன ஆனால் யாருக்கென்ன! அரசாங்கம் தடை போட்டும் வைக்கிறவர்கள் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சங்கரலிங்கம் மட்டும் பழத்தை வருகிறவர் மூக்கருகே நீட்டி, "மோந்து பாருங்க" என்பார். கல்லில்லா லிங்கம் என்றே அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பேரை நம்பித்தான் கேரளத்து வியாபாரிகள் மலையிறங்கி அவர் மண்டிக்கு வந்தார்கள். பேர் போனால் மண்டியும் போச்சு. இது முனீஸ்வரிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும்தான் அந்தக் கூத்தைச் செய்துவைத்தாள்.

ஆடி மாதச் சாரல் பிடித்திருந்த சமயம், குமுளியிலிருந்து சசிதரன் வந்தார். பழைய கார்களைச் சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. அவர் ஜீப்புக்கு இவள்தான் விளக்குப் பார்ப்பாள். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததை மேசைமேல் வைத்தார். பரங்கிக்காய் பருமனில் ஒரு பித்தளை விளக்கு. நூறு வருஷத்துக்கு முந்தைய காரின் முன்விளக்காம். ஜோடியில் ஒன்று தொலைந்துவிட்டதாம்.

"சேச்சி, இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தரணும். ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியெல்லாம் ஊர்வலம் போகுது."

முனீஸ்வரி கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பல்பைக் காணோம், ஹோல்டரைக் காணோம், ஒரு துண்டு வயர்கூட இல்லை.

"என்ன சேட்டா, உள்ள ஒண்ணத்தையும் காணோம்?"

"பல்பு இல்ல சேச்சி. இது கேஸ் விளக்காணு."

இன்னொருத்தியாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பாள். இவளுக்குத்தான் விளக்கு விஷயத்தில் தெரியாது என்ற சொல் வாயில் வராதே! "புதன்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவர் போனபிறகு மொத்தத்தையும் பிரித்து மேய்ந்தாள். விளக்கோடு ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் இரண்டு அடுக்கு டப்பா. கீழ் அடுக்கில் கார்பைட் கல், மேல் அடுக்கில் தண்ணீர். திருகைத் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழும். கல் பொங்கிக் கேஸ் கிளம்பும். கேஸ் குழாய் வழியே விளக்குக்குள் வந்து, எதிரும் புதிருமான இரண்டு ஊசித் துளைகளில் வெளியேறும். பற்றவைத்தால் இரண்டு சுடரும் மோதி, வெற்றிலை மாதிரி தட்டையாக விரிந்து எரியும். பின்னால் குழிந்த கண்ணாடி. சுடர் அந்தக் குழிவுக்கு முன்னால் சரியான இடத்தில் நின்றால்தான் வெளிச்சம் நேராக ஓடும், கொஞ்சம் தள்ளி நின்றாலும் பரக்கப் பரக்கச் சிதறும்.

டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், தலையில் தட்டிக்கொண்டாள். "அடச்சீ, காபி ஃபில்டரு!"

உள்ளபடியே அதுதானே! மேலே தண்ணீர், கீழே சரக்கு, நடுவில் துளை. நேரே வீட்டுக்குப் போய், தாய் வீட்டுச் சீராக வந்த பித்தளை ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துளைகளையெல்லாம் ஈயம் வைத்து அடைத்து, ஒன்றே ஒன்றை விட்டு, அதற்கு ஒரு திருகு வைத்தாள். மூடியை ரப்பர் வளையம் போட்டு இறுக்கினாள். விளக்கின் உடம்புக்கு ஒரு பழைய பித்தளைக் குடம் பலியானது. குழிவுக்கு ஓடாத லாரியின் விளக்குத் தட்டு. முன்கதவில் முதலில் மாட்டிய கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டது. மேலே சூடு போக வழியில்லாமல் அடைத்துவைத்தால் விரியாமல் என்ன செய்யும்? உச்சியில் துளை போட்டு, மழை இறங்காமல் தொப்பியும் வைத்தாள். மறுநாள் காலை சங்கரலிங்கத்துக்கு இன்ஸ்டன்ட் காபி வந்தது. அவர் குடித்துவிட்டு, தம்ளரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், தம்ளரைக் கவிழ்த்துவிட்டு மண்டிக்குப் போனார்.

எல்லாம் சரி. விளக்குத்தான் எரிய மாட்டேன் என்றது. திருகைத் திறப்பாள், கேஸ் சீறும் சத்தம் கேட்டதும் தீக்குச்சியைக் கிழிப்பாள். 'டப்' என்று ஒரு சத்தம், அணைந்துவிடும். ஒரு தடவை ஃபில்டரின் மூடி பறந்து காலண்டரில் மோதியது.

சசிதரன் போனில் சொல்லிப் பார்த்தார். "முதல்ல குழாய்க்குள்ள உள்ள காத்து போகட்டும் சேச்சி. கொறச்சு நேரம் நிக்கணும்."

"நிக்கிறதுக்கு நான் என்ன பஸ்ஸுக்கா வந்திருக்கேன்?" என்று போனை வைத்துவிட்டாள்.

இதற்குள் இன்னொரு தலைவலி. தேனி வெல்டிங் பட்டறையிலிருந்து புருஷனுக்குத் தெரியாமல் வாங்கிவந்த கார்பைட் கல்லை எங்கே வைப்பது? சாரல் ஈரம் பட்டாலே கல் புஸ்ஸென்று பொங்குகிறது. கடைக் கூரையோ நாலு இடத்தில் ஒழுகுகிறது. சின்னமனூரிலேயே ஈரம் அண்டாத இடம் எது என்று யோசித்தாள். மண்டியின் புகையறை! அந்த வாரம் கடைசி அறை காலியாகத்தான் கிடந்தது. கல்லைப் பிஸ்கட் டின்னில் போட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, டின்னைப் பரணில் வைத்துவிட்டு வந்தாள். கல்லில்லா லிங்கத்தின் புகையறையில் கார்பைட் டின்! விளக்கு எரியுமா எரியாதா என்ற ஒரே நினைப்பில் இருந்தவளுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை.

புதன்கிழமை மதியம், உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஏஞ்சல் மண்டிகளைச் சோதிக்க வந்தார். சின்ன வயசுதான், ஆனால் மோப்ப மூக்குக்காரர் என்று பேர். சங்கரலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒவ்வோர் அறையாகத் தானே திறந்துவிட்டு, "மோந்து பாருங்க மேடம்" என்று கூடவே நடந்தார். எங்கும் புகை வாசமும் பழ வாசமும்தான். கடைசி அறைக்குள் போனதும் அதிகாரி நின்றுவிட்டார்.

"இங்க பூண்டு வச்சிருக்கீங்களா?"

"இல்லையே மேடம்."

கூட வந்த பணியாளர் பரணைத் துழாவி டின்னை இறக்கினார். திறந்ததும் சாம்பல் நிறக் கல்லும் குப்பென்று அதே பூண்டு வாடையும். மண்டியே கூடிவிட்டது. பக்கத்து மண்டி ஈஸ்வரபாண்டி, இந்த நாளுக்காகவே நேர்ந்துகொண்டவர் போல, பல்லெல்லாம் தெரிய முதல் வரிசையில் வந்து நின்றார்.

"என்ன லிங்கம், எங்கள ஊரு பூராம் திட்டிப்பிட்டு, இங்கன கல்லோட குடும்பமே நடத்திருக்கீகளே?"

அப்போது முனீஸ்வரி கடையில் விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கல்லைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, திருகைத் திறந்த கையோடு கூச்சல் கேட்டது. "ஆத்தா, உங்க மண்டியில கல்லு பிடிச்சுட்டாக!" என்று சுமைக்காரர் ஒருவர் ஓடிவந்து சொன்னார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கையில் விளக்கும் மறுகையில் ஃபில்டருமாக, போட்டது போட்டபடி ஓடினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

சங்கரலிங்கம் பேயறைந்தவர்போல நின்றிருந்தார். கண் அந்த டின்மேலேயே இருந்தது. அது அவர் வீட்டு அடுப்படி டின். அதை அங்கே யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாமல் போகுமா?

"இது யாரோடது?" என்றார் ஏஞ்சல்.

முனீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் சங்கரலிங்கம் முந்திக்கொண்டார். "என்னோடதுதேன் மேடம். நான்தேன் வாங்கிட்டு வந்து வச்சேன்."

வெளியே தெரிந்த ஈஸ்வரபாண்டியின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"யோவ்!" என்று கத்தினாள் முனீஸ்வரி. "உனக்குக் கிறுக்குப் பிடிச்சுப்போச்சா? ஆயுசுல ஒரு கல்லத் தொட்டிருப்பியாய்யா நீ? மேடம், அவுகள நம்பாதீக, அவுகளுக்குக் கல்லு எங்கன விக்கிதுன்னே தெரியாது. நான் வச்ச டின்னு, நான் வாங்குன கல்லு. எனக்கு வாயி இல்லையா, நான் சொல்ல மாட்டேனா? அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு? காபி நல்லா இல்லைன்னு சொல்ல வாயி வராது, களவாணிப் பட்டம் வாங்க மட்டும் முன்னுக்க வந்து நிக்கிறியே! நாளைக்கு எந்த மலையாளத்தான் உன் காய வாங்குவான்? யாரக் கேட்டு இப்படிச் சொன்ன நீ? சொல்லுய்யா, யாரக் கேட்டுச் சொன்ன?"

அவர் எங்கே சொல்வது? அவள் மூச்சு விட்டால்தானே. ஊர் அவள் ஏச்சைக் கேட்டுப் பழகியதுதான், ஆனால் இப்படி ஒரு நீளத்தில் கேட்டதில்லை. பேசப் பேசக் கண்ணில் நீர் வேறு கொட்டியது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கினார் ஏஞ்சல். "உங்க கையில என்னமோ சீறுதே, அது என்ன?"

"விளக்கு மேடம். காரு விளக்கு. அந்தக் கல்லு இதுக்குத்தேன்."

"கல்லுல விளக்கா?" ஈஸ்வரபாண்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இத நாங்க நம்பணுமாக்கும்!"

"நம்பாட்டிப் போ. கண்ண மட்டும் தொறந்து வச்சுக்க."

விளக்கை அந்த இருட்டறையின் தரையில், கரிபிடித்த சுவரைப் பார்க்க வைத்தாள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். ஒரு குச்சியைக் கிழித்தாள். இன்றைக்கும் 'டப்' என்றால் புருஷன் பேர் சந்தி சிரித்துவிடும். குலசாமியை நினைத்துக்கொண்டு துளையருகே நெருப்பைக் காட்டினாள்.

'டப்' என்று வரவில்லை. அவள் புருஷனை ஏசி முடிப்பதற்குள், குழாயில் இருந்த காற்றெல்லாம் எப்போதோ வெளியேறிப்போயிருந்தது. சுடர் மெல்ல விரிந்து, கொஞ்சமும் ஆடாமல் வெள்ளை வெளேரென்று நின்றது. வெளிச்சம் குழிவில் பட்டு நேராக ஓடிச் சுவரில் விழுந்தது. ஒட்டடை, ஆணி, புகைக் கோடு என்று ஒன்று பாக்கியில்லாமல் தெரிந்தது. "ஆத்தாடி!" என்றார் ஒரு சுமைக்காரர். ஈஸ்வரபாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

ஏஞ்சல் குனிந்து, ஃபில்டரிலிருந்து விளக்குவரை விரலாலேயே தடம் பிடித்துப் பார்த்தார். கடைக்குப் போய்ப் பழைய விளக்கையும் பார்த்தார். திரும்பிவந்து மற்ற அறைகளில் ஒவ்வொரு தாராக இன்னொரு தரம் முகர்ந்து, காயை அறுத்தும் பார்த்தார். கடைசியில், "பழத்துல ஒரு குறையும் இல்லைங்கய்யா. ஆனா இந்த டின் இனிமே மண்டிப் பக்கமே வரக் கூடாது" என்று முனீஸ்வரியைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுப் போனார். போகிற போக்கில், ஈஸ்வரபாண்டியின் மண்டி எது என்று விசாரித்தார். மனிதர் அந்த ஓட்டம் ஓடி ஊர் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்தது. முனீஸ்வரி திருகை மூடினாள். சுடர் சிறுத்து அணைந்தது. இருவரும் அந்த அறை வாசலிலேயே நின்றார்கள்.

"என்னைய நம்பலையாக்கும்?" என்றாள். "உனக்குத் தெரியாம காய் பழுக்க வைக்கத்தேன் நான் கல்லு வாங்குனேன்னு நெனச்சுட்ட."

"நீ எதுக்கு வாங்குனன்னு நான் யோசிக்கவே இல்ல புள்ள."

"பெறகு?"

"கேஸு எழுதுனா யாரையாச்சும் கூட்டிட்டுப் போவாகள்ல. மண்டி போனா எங்கனயாச்சும் மூடை தூக்கிப் பொழச்சுக்கிருவேன். உன்னையக் கூட்டிட்டுப் போயிட்டா நான் என்ன செய்யறது?"

வியாபாரத்தில் ஒரு பொய் சொல்லாத மனிதர். ஆயுசு பூராவும் கட்டிக் காத்த பேரை, என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்காமல், அவளுக்காக ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவள் கரிக் கையால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"விடு புள்ள" என்றார் கூச்சத்தோடு. "ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும்" என்றாள். அந்தக் கை நடுக்கம் அடங்குகிற வரைக்கும் அவள் விடவே இல்லை.