பாடம் முடிந்த பிறகும் இணைப்பில் இருந்தவள்

தொற்றுநோயால் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த அந்த மாதங்களில் நான் துறைமுக நகரத்தின் ஓரத்தில், பாலையூற்றில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் வேலை. சொந்த ஊர் மட்டக்களப்பு. ஊரடங்கு திடீரென்று வந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை.

வீட்டுக்கார அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வார்: "உங்களுக்கென்ன டீச்சர், உடுத்து வெளிக்கிடத் தேவையில்லை. பிள்ளையளும் வீட்டில சந்தோசமா இருந்து படிக்குதுகள்."

ஊரிலிருந்து அழைக்கும் அண்ணா வேறு விதமாகச் சொல்வார்: "அதுகள் எங்க படிக்குதுகள்? போனைத் திறந்து வச்சிட்டு நித்திரை."

இரண்டு பேருமே ஒன்லைன் வகுப்பு ஒன்றையும் பார்த்ததில்லை. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். டேட்டா முடிந்துவிடும் என்று எல்லோரும் கமராவை மூடியிருப்பார்கள். "விளங்குதா?" என்று கேட்டால் சத்தமே வராது. வகுப்பறையில் ஒரு பிள்ளையின் நெற்றியைப் பார்த்தே விளங்கியதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இங்கே நெற்றி இல்லை. என் குரல் மட்டும் அறைச் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வரும்.

எல்லாமே பாழ் என்றும் சொல்ல மாட்டேன். வகுப்பில் எழும்பி நின்றாலே வியர்த்துப்போகும் ஒரு பையன் இப்போது எழுத்தில் கேள்விக்கு மேல் கேள்வி அனுப்பினான். எனக்குக் கவலை தந்தது குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பிள்ளை. பின் வரிசையில் அவள் சிரித்தால் பக்கத்து வகுப்பு திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவள் ஒன்லைனில் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அண்ணா சொன்னதுபோல நித்திரைதான் என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஒருநாள் பாடம் முடிந்ததும் இணைப்பை நிறுத்த மறந்து, அறை மூலையில் இருந்த அடுப்பை மூட்டி வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டேன். கறி கொதித்த பிறகுதான் போனைப் பார்த்தேன். எல்லோரும் போயிருந்தார்கள். அவளுடைய பெயர் மட்டும் திரையில் இருந்தது.

"பிள்ளை, பாடம் முடிஞ்சுது. நீங்க இன்னும் போகேல்லையா?"

மெல்லிய குரல் வந்தது. "இல்ல டீச்சர். இன்னும் கொஞ்சம் இருக்கட்டே?"

"ஏன் ரகசியம் மாதிரிக் கதைக்கிறீங்க?"

"அப்பா இரவு மீனுக்குப் போய் விடியக் கடலால வந்து படுத்திருக்கிறார். எங்களுக்கு ஒரு அறைதானே. சத்தம் போடேலாது."

அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் வகுப்பில் அத்தனை கதை கதைத்தவள் வீட்டில் பகல் முழுக்க வாய் மூடி இருக்கிறாள் என்பது தெரியாது.

"ஏதும் கேள்வி இருக்கா?"

"இல்ல டீச்சர். நீங்க சமைக்கிற சத்தம் கேக்குது. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அதன்பிறகு பாடம் முடிந்தாலும் இணைப்பை நிறுத்துவதில்லை. நான் அரிசி கழுவுவேன், தேங்காய் துருவுவேன், துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் "கேட்டதா?" என்பேன். "ஓம்" என்று மட்டும் வரும். சாப்பிட உட்காரும்போது அவளும் தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொள்வாள். கரண்டிச் சத்தத்தில் அது தெரியும்.

பிறகு ஒருநாள் அவளுடைய அப்பா என்னை அழைத்தார். குரலில் கோபம் இருந்தது.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. பாடம் முடிஞ்ச பிறகும் பிள்ளை காதில போனோட இருக்கு. யாரோட கதையெண்டு கேட்டா உங்கட பேரைச் சொல்லுது."

"என்னோடதான். பெரிசாக் கதைக்கிறதில்லை. நான் சமைப்பன், அவ கேட்டுக்கொண்டு இருப்பா."

"சமைக்கிறதைக் கேக்கவோ?"

"தனிய இருக்கிறா எல்லோ."

அவர் குரலில் கோபம் இறங்கியது. "நான் வீட்டிலதானே இருக்கிறன்," என்றார். பிறகு, "படுத்துத்தான் இருக்கிறன்," என்றார். "போனும் வாங்கிக் குடுத்தனான். அதுக்குள்ள எல்லாரும் இருக்கினம்தானே, பிள்ளைக்குப் பொழுது போகும் எண்டு நினைச்சனான்."

அடுத்த கிழமை முதல் அவர் கடலால் வந்ததும் கரையில் வலை வைக்கும் மீன்வாடிக் குடிசையில் போய்ப் படுத்தார். வீடு பகலில் அவளுக்கென்று ஆனது. அந்தக் கிழமை ஒருநாள் வகுப்பில் "விளங்குதா?" என்று கேட்டபோது, "விளங்கேல்ல டீச்சர், திரும்பச் சொல்லுங்கோ!" என்று ஒரு குரல் கரகரத்து வந்தது. யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி மைக்கைத் திறந்து அவளைக் கேலி செய்தாள். அத்தனை நாளாக நான் கேட்க ஏங்கிய சத்தம் அது. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பாடம் முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள். சிநேகிதிகளை அழைத்துக் கதைக்கப் போயிருப்பாள். அப்படித்தான் நடக்கவேண்டும். சந்தோசமாகவும் இருந்தது.

ஆனாலும் இணைப்பை உடனே நிறுத்தக் கை வரவில்லை. திரையில் என் பெயர் மட்டும் இருக்க, அரிசியைக் கழுவி உலையில் போட்டேன். பிள்ளைக்காகத்தான் அத்தனை நாளும் திறந்து வைத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோறு வேகும்வரை அடுப்பருகில் நின்றேன்.