ரீடருக்குச் சொல்லாத செய்தி

நான் மின்நூல்கள் வாங்கும் இணையக் கடை மூடப்போகிறது என்ற மின்னஞ்சல் வந்தபோது, கருங்கல்லிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் இருந்தேன். மின்நூல் வாசிக்க அந்தக் கடையே விற்ற ரீடர் என் மடியில் கிடந்தது. ஏற்கெனவே இறக்கிவைத்த நூல்கள் அதில் திறக்கும். ஆனால் ரீடர் இணையத்தில் நுழைந்து கடையிடம் அனுமதி கேட்டால், பதில் சொல்ல அங்கே யாரும் இல்லாததால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். சுற்றிவளைத்து அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை நூல்களைக் கணினிக்கு மாற்றிப் பார்த்தேன். கோப்புகள் வந்தன, திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவைதான். ஆனாலும் அவற்றின் பூட்டு அந்த ஒரு கருவிக்கு மட்டுமே திறக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்லூரியில் வேதியியல் நடத்தும் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"வைஃபைய அணைச்சுப் போடு, ஏட்டி. கடை பூட்டினது அதுக்குத் தெரியாண்டாம்."

சிரித்தோம்.

பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் நிலையத்தில் இலவச இணைப்பு என்ற பலகையைக் கண்டால் கைப்பையை இறுக்கிக்கொள்வேன். ரீடரின் கடிகாரம் பிசகத் தொடங்கியது. திருத்த இணையம் வேண்டும். மழை கொட்டும் மத்தியானத்தில் அது அதிகாலை என்று காட்டும். நூலைத் திறந்ததும் திரை ஒரு கணம் வெறுமையாக நிற்கும். எழுத்து தெரியும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டேன்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தின் நடுவே ஒரு கட்டம் எழுந்தது. 'கடையுடன் பேசி நாளாகிறது. இணைக்கவா?'

வேண்டாம் என்று தொட்டேன். சில நாள் கழித்து மறுபடியும் கேட்டது. அதன்பின் அடிக்கடி கேட்டது.

கிறிஸ்துமஸுக்குக் கணவரின் தங்கை வளைகுடாவிலிருந்து வந்திருந்தாள். நான் அடுக்களையில் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"மைனி, இது நெட்டே இல்லாம கெடந்து. நான் பாஸ்வேர்டு போட்டுட்டேன், கேட்டியளா?"

மாவுக் கையோடு ஓடினேன். திரையில் நூல்களின் அட்டைகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. அவள் ஏதோ ஒரு நாவலைத் தொட்டாள். முதல் பக்கம் இருந்தது.

"திருப்பாத, மக்கா!"

திருப்பிவிட்டாள். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை.

"நான் என்ன செய்தேன் மைனி?"

"நீ ஒண்ணும் செய்யல்ல" என்றேன். கணவர் ஓடிப்போய் வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தார். அதற்குள் எல்லா அட்டைகளும் அணைந்திருந்தன.

இப்போது எந்தக் கடையில் வாங்குவதானாலும், கோப்பு வேறு கருவியில் திறக்குமா என்று முதலில் பார்க்கிறேன். திறக்காதென்றால், எவ்வளவு ஆசையான நூலானாலும் விட்டுவிட்டு நாகர்கோவிலில் அச்சுப் பிரதி தேடுகிறேன். புதிதாக வாங்கிய ரீடரும் எந்தக் கடைக்கும் கட்டுப்படாதது.

பழையதைத் தூக்கிப்போடும் முன் ஒருமுறை உயிர்ப்பித்தேன். நூல்கள் இல்லை. ஆனால் படிக்கும்போது ஓரங்களில் நான் தட்டிவைத்த குறிப்புகள் மட்டும் வரிசையாக நின்றன.

'இல்லை, இவள் பொய் சொல்கிறாள்.'

'கதவைத் திறக்காதே.'

'எல்லாரும் எங்கே போனார்கள்?'

எந்த நூலில், யாரைப் பார்த்து எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த கணவர், "இதெல்லாம் நீ எழுதினதா?" என்று மெதுவாகக் கேட்டார்.