அறுபத்தொன்றை நடந்தே ஓட்டியவள்

ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கிளம்ப வேண்டிய வண்டியில் ஏழு ஐம்பதுக்கே எல்லோரும் ஏறி உட்கார்ந்துவிட்டாலும், நெரிஸ் ப்ராஸர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் மடித்துப் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருப்பாள். "அதான் எல்லாரும் வந்தாச்சே, எடு டிரைவ்," என்று பின்னாலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டுகிறவர் ஆணோ பெண்ணோ, எல்லோரும் 'டிரைவ்'தான். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. எவளாச்சும் ஒருத்தி கோட்ட மாட்டிக்கிட்டு ஓடி வந்துகிட்டிருப்பா. உக்காரு கண்ணு," என்பாள் திரும்பிப் பார்க்காமலே. தாமதமாகப் போகிற ஓட்டுநரை அவள் மன்னித்துவிடுவாள். நேரத்துக்கு முன்னால் போகிறவன் அவள் கணக்கில் திருடன்.

வயது ஐம்பத்தெட்டு. குள்ளம், நல்ல கனம், சீட்டில் ஒரு மெத்தை போட்டால்தான் கண்ணாடி எட்டும். மலையடி ஊரான ப்ளேன்வென்னிலிருந்து கீழே அபர்கில் டவுன் வரை, பதினெட்டு மைல், அறுபத்து நான்கு நிறுத்தம், இருபத்தாறு வருஷமாக அதே 61-ஆம் நம்பர் பேருந்து. எந்த நிறுத்தத்தில் எந்தக் கிழவர் எந்தக் கிழமை ஏறுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வலது முழங்கால் தேய்ந்து போய், அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்து இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். வண்டியிலிருந்து இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவாள். "வலிக்குதா டிரைவ்?" என்று கேட்டுவிடக் கூடாது. "உனக்கென்ன, நீயா சுமக்கிறே?" என்று வரும் பதில்.

தம்பி இட்வலுக்கு உடம்பு சரியில்லை என்பதையும் அவள் ஓட்டுநராகத்தான் கண்டுபிடித்தாள். மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினான். கேட்டதற்குப் பல்வலி என்றான். நான்காவது செவ்வாய் அவள் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டாள். கதவைத் திறக்கவில்லை.

"டேய், எந்தப் பல்லுடா? வாயத் திற, பாக்கறேன்."

"நெரிஸ், எல்லாரும் பாக்கறாங்க. கதவத் திற."

"பாக்கட்டும். நீ சொன்னாதான் இந்த வண்டி நகரும்."

கணையத்தில் புற்றுநோய் என்று அவன் சொன்னபோது வண்டியில் பதினெட்டு பேர் இருந்தார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஒருவர்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நெரிஸ் கதவைத் திறந்து தம்பியை இறக்கிவிட்டு, அவன் உள்ளே போகும்வரை பார்த்திருந்து, பிறகு வண்டியை எடுத்தாள். அன்று மாலைக்குள் பள்ளத்தாக்கு முழுக்கச் செய்தி போய்விட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்காத ஒரு மருந்து இருந்தது. வெளியே காசு கட்டி வாரம் ஒருமுறை கை நரம்பில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்டால் ஆறு மாதம், எட்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றார் மருத்துவர். நெரிஸ் ஊரைத் திரட்டலாம் என்றாள். இட்வல் முடியாது என்றான். முப்பது வருஷம் ஊரார் வீட்டுக் கூரைகளில் ஏறி ஓடு மாற்றியவன். எவனிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை.

"வாளி ஏந்தி வசூல் பண்ற சில்லறைய வாங்கி நான் உசுரோட இருக்கணுமா? போடி."

"பிச்சை எடுக்கப் போறேன்னு யார்றா சொன்னா? நடக்கப் போறேன். என் ரூட்டு முழுக்க. ஒரு ஸ்டாப்பு விடமாட்டேன்."

இட்வல் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அந்தக் கால வச்சுக்கிட்டா? மூணாவது ஸ்டாப்புல பஸ்ஸுல ஏறி உக்காந்துடுவே."

"ஏறாம வந்தா?"

சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் எதற்கெடுத்தாலும் பந்தயம்தான். அவன் விரல்விட்டு எண்ணி நிபந்தனை சொன்னான். "எந்த வண்டியிலயும் ஏறாம, ஒரு ஸ்டாப்பு விடாம, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அபர்கில் வந்து சேந்தீன்னா, அந்த மருந்த நான் போட்டுக்கறேன். வரலேன்னா, அப்புறம் இதப் பத்தி வாயே திறக்கக் கூடாது." கை குலுக்கிக்கொண்டார்கள்.

பணிமனை உணவறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அவள் நடந்து கடக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் யார் எவ்வளவு தருவார்கள் என்று எழுத இரண்டு கட்டம். இரண்டு நாளில் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. ரொட்டிக்கடையில் ஒரு அம்மாள் மட்டும், "ஆறு மாசத்துக்கா இவ்வளவு பாடு?" என்று மெதுவாகக் கேட்டாள். நெரிஸ் ரொட்டியை மேசை மேலேயே வைத்துவிட்டாள். "உன் தம்பியோட ஆறு மாசம்னா இப்படிக் கேப்பியா? அது அவனோட ஆறு மாசம். ஒரு கோடை காலம் அதுல இருக்கு." அந்த அம்மாளே பிறகு தாளில் பெயர் எழுதினாள்.

நடைக்கு நெரிஸ் ஒரு நேர அட்டவணை தயாரித்தாள். ஓட்டுநர் புத்தி வேறெப்படிப் போகும்? எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று எழுதி, அறுபத்து நான்கு கம்பங்களிலும் ஒட்டினாள். ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி, தூறல். சீருடைக் கோட்டோடுதான் கிளம்பினாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் வாளியோடும், தேநீரோடும், திராட்சை போட்டுச் சுட்ட தட்டை கேக்கோடும் நின்றார்கள். மேட்டுக் குடியிருப்புக்குப் பாதை ஏறி இறங்கும் இடத்தில், "அத விட்டுடு நெரிஸ், ஒரு மைல் மிச்சம்," என்றார்கள். "மேல மூணு பேரு மழையில நிப்பாங்க. அவங்களுக்கு நீ போயி சொல்றியா?" என்று கேட்டுவிட்டு ஏறினாள். மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

கெட்டது நடந்தது நாற்பத்தோராவது நிறுத்தத்தில். உற்சாகத்தில் வேகமாக வந்துவிட்டாள்; அட்டவணைக்குப் பதினோரு நிமிஷம் முன்னால். அங்கே யாரும் இன்னும் வந்து சேரவில்லை. வேறு யாராக இருந்தாலும் போய்க்கொண்டே இருந்திருப்பார்கள். நெரிஸ் நின்றாள். மழை கனத்தது. ஈரக் காற்றில் பதினோரு நிமிஷம், கம்பத்தைப் பிடித்தபடி, நேரம் வரட்டும் என்று நின்றாள். நேரம் வந்தது, ஆட்களும் வந்தார்கள், முழங்கால் மட்டும் வர மறுத்துவிட்டது.

சூடேறியிருந்த மூட்டு விறைத்து, காலை எடுத்து வைத்தால் கண்ணில் நீர் வந்தது. அதற்கப்பால் அபர்கில் வரை ஒரே இறக்கம். தேய்ந்த முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். அடுத்த நிறுத்தத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அவளுக்குப் பதிலாக அன்று 61-ஐ ஓட்டிய டோரியன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கதவைத் திறந்தான்.

"ஏறு. ரெண்டு ஸ்டாப்பு தள்ளி விட்டுடறேன். வண்டியில ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான்."

ஜன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின. நெரிஸ் அந்தப் படியைப் பார்த்தாள். ஏற வேண்டும் என்று உடம்பின் ஒவ்வொரு எலும்பும் கேட்டது. அதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை.

"கதவ மூடு டோரியன். நீ நாலு நிமிஷம் லேட்டு," என்றாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். அப்படியே திரும்பி, மலையைப் பார்த்து நின்றுகொண்டு, பின்பக்கமாக ஒரு அடி வைத்தாள். வலி பாதியானது. இன்னொரு அடி. வீட்டு மாடிப்படியில் காலையில் இப்படித்தான் இறங்குவாள் என்பது யாருக்கும் தெரியாது. நடைபாதையின் ஓரச் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு, ஏழு மைல் தூரத்தையும் மலைக்கு முகம் காட்டியபடி பின்னோக்கியே இறங்கினாள். "குப்பைத்தொட்டி டிரைவ், இடது பக்கம் ஒதுங்கு!" "கல்லு, கல்லு!" என்று கூட வந்தவர்கள் கத்தி வழி சொன்னார்கள். மேலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியும் ஹாரன் அடித்தது. "ஹாரன் என்னத்துக்கு? ரோட்டப் பாத்து ஓட்டுங்கடா!" என்று எல்லோரையும் திட்டிக்கொண்டே போனாள். அழுதுகொண்டுதான் திட்டினாள்.

டவுன் கடிகாரத்தில் ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருந்தபோது அவள் முதுகு கடைசி நிறுத்தத்தின் கம்பத்தில் இடித்தது. ஆரவாரம் எழுந்து, ஏனோ உடனே அடங்கியது. திரும்பினாள். பெஞ்சில் இட்வல் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதத்தில் கோட்டு அவனுக்கு ஒரு அளவு பெரிதாகியிருந்தது.

"முதுகக் காட்டிக்கிட்டு வந்தா கணக்குல சேராது," என்றான்.

"நடக்கணும்னுதான் பந்தயம். எந்தப் பக்கம் பாத்துன்னு நீ சொல்லல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சொல்லுடா. சேருமா, சேராதா?"

அவன் அவளுடைய முழங்காலைப் பார்த்தான். சுற்றி வாளிகளோடு நின்றவர்களைப் பார்த்தான். பாதிப் பேர் வீட்டுக் கூரையில் அவன் ஏறியிருக்கிறான். கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, மழையிலேயே, சட்டையின் இடது கைப் பொத்தானை அவிழ்த்து, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவன் போல முழங்கைக்கு மேல்வரை மடித்துவிட்டான்.